காலேஜ் முடிகிற வரைக்கும்

அப்பா, நான் உங்களிடம் சொன்ன அந்த மரம் எங்கேயும் இல்லை. மூன்றாவது மாடி வகுப்பும் இல்லை, ஜன்னலும் இல்லை. மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் நான் காலேஜுக்குப் போனது இருபது நாள்தான். இங்கிலீஷில் பாடம் நடத்தினார்கள். ஒன்றும் ஏறவில்லை. பஸ் பிடித்து மேலே வந்துவிட்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கினார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அதே மலையில் இருக்கிற பிரிஞ்சாங்குக்குப் போய் ஹோட்டலில் அறை துடைக்கும் வேலையில் சேர்ந்தார். அப்பா ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலேயே இருந்துவிட்டார். பிள்ளை காலேஜ் முடிக்கிற வரைக்கும் அவர் மாதாமாதம் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டில் எழுதிவிட்டார்கள். பேங்கில் போடச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை.

"பேங்க்ல போட்டா காசு மட்டுந்தான் போகும். நான் எங்க போறது?" என்பார்.

அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, ரிங்லெட்டில் பாய் கடையில் பார்த்துக்கொள்வோம். நான் காலேஜை விட்டது தெரிந்தால் அந்தக் கோர்ட்டுப் பேப்பர் முடிந்துவிடும். பேப்பர் முடிந்தால் அப்பா வரமாட்டார். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் சாமந்தி வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஞாயிறு மட்டும் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு, ஈப்போவிலிருந்து வருகிற மாதிரி வந்து இறங்குவேன். அம்மாவுக்குத் தெரியும். "நீயே சொல்லிக்க, என்னை இழுக்காத" என்றுவிட்டார்.

"காலேஜ் மக வந்தாச்சு. அண்ணனுக்கு ஒரு தேத்தண்ணி போடட்டுமா?" என்று பாய் சீண்டுவார்.

"வாரம் முழுக்க தேயிலைலதான் நிக்கிறேன், இங்கயும் அதானா? கோப்பி போடுலா" என்பார் அப்பா.

கோப்பி வந்ததும் என் பக்கம் திரும்புவார். "இந்த மாசம் என்னம்மா படிச்ச?"

படித்ததாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதனால் ஜன்னலைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம், மழை பெய்தால் இலை மேசைமேல் வந்து விழும், டீச்சர் கண்ணை மூடிக்கொண்டே பாடம் சொல்வார் என்றேன். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த மாதம், "அந்த மரம் பூத்துச்சா?" என்றார். பூத்தது என்றேன். என்ன நிறம் என்றார். காலையில் வெட்டிய சாமந்தி விரல் இடுக்கில் மணத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் என்றேன்.

ஒருநாள் அவரே சொன்னார். "நேத்து மலையில ஒரே பனி. இலை வெட்டுற மெஷினோட அந்தப் பக்கம் புடிச்சிருந்தவன்கூட தெரியல. அந்த வெள்ளையில ஒரு ஜன்னல் தெறந்துருந்துச்சும்மா. நீ உள்ள உக்காந்து எழுதிக்கிட்டு இருந்த."

அந்த மாதம் முழுக்க எனக்கும் அப்படித்தான் இருந்தது. பூத்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே கத்தரியோடு நிற்கும்போது, எங்கேயோ மூன்றாவது மாடியில் ஒருத்தி என் பெயரில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். அவள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அப்பா அவளைப் பார்க்க வருகிறார், நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

மூன்று வருடம் ஓடியது. அவர் கொடுத்த பணத்தில் போன் வாங்கினேன், அம்மாவுக்குப் பல் வைத்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

இனிமேல் இழுக்க முடியாது என்று ஒரு ஞாயிறு, "டிப்ளோமாப் படிப்பு முடியப் போவுதுப்பா" என்றேன். அப்பா காலி கோப்பிக் கோப்பையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல படிப்பு இல்லியாம்மா?"

"எதுக்குப்பா?"

"இல்ல... காலேஜ் முடியற வரைக்கும்னுதான கோர்ட்டுல போட்டுருக்கான். அப்புறம் நான் என்னன்னு சொல்லிட்டு வர்றது?"

"டிகிரி இருக்குல்ல, அண்ணே" என்றார் பாய், கல்லாவிலிருந்து.

"ஆமாப்பா, டிகிரி இருக்கு" என்றேன் நானும். "இன்னும் மூணு வருஷம்."

அப்பா சிரித்து, இரண்டு ரொட்டி சானாய் சொன்னார். திரும்பும் வழியில் லோரியில் எனக்கும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சும்மாவே வாங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நாலு மாதம் கழித்து, காலையில் இலை வெட்டும்போது அப்பா மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மெஷினின் அந்தப் பக்கம் பிடித்திருந்த அண்ணன், திடீரென்று கனத்ததால்தான் திரும்பிப் பார்த்தாராம்.

கருமாதி முடிந்த அன்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, நிரப்ப வேண்டிய பாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். வேலையில் இறந்தவரின் பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற பணமாம். பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் படிப்பு முடிகிற வரைக்கும் வரும் என்றார்.

"படிச்ச புள்ள, நீயே நெரப்பிடும்மா. டிகிரி படிக்கிறேன்னு இங்க ஒரு கோடு போடணும்மா. உங்கப்பா சொல்லாத ஆளே இல்ல."

பேனாவைப் பிடித்தேன். இந்தக் கோட்டைப் போட்டால், செத்த பிறகும் அப்பாவை மாதாமாதம் ஏமாற்ற வேண்டும்.

"நான் படிக்கலைங்க ஐயா. மூணு வருஷமா பூ வெட்டுறேன்."

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவோடு மெஷின் பிடித்த அண்ணன்தான் கேட்டார். "அப்ப மாசாமாசம் சட்டை தேச்சுப் போட்டுக்கிட்டு எதுக்குலா போனாரு?"

"என்னைப் பாக்க" என்றேன்.

கிராணி பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் அப்பாவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்க்க யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லாத இடத்தில் அவர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.