படகுத்துறையின் மோட்டாவும் பத்லாவும்

அந்த நீல நைலான் கயிறு இப்போதும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. எங்கள் தீவின் சாத்தம் படகுத்துறையில் சுமை தூக்கிய காலத்தில் அதன் ஒரு நுனி என் கையில், மறுநுனி அக்காள் வீட்டுக்காரர் கையில். அவர் குண்டு, நான் எலும்பு. ஒரு திருவிழாவில் கோயில் முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, ஒரு குண்டனும் ஒரு ஒல்லியும் விழுந்து விழுந்து எழும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார்கள். மறுநாளே துறை முழுவதும் எங்களை இந்தியில் "மோட்டா, பத்லா", குண்டன், ஒல்லி என்று கூப்பிட ஆரம்பித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானுக்கோ கொண்டாட்டம்.

பாம்பூஃப்ளாட் போகும் படகில் சாமான் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. இருவர் காலும் படகில் பட்ட பிறகுதான் முன்னால் போகிறவர் "ஹோ கயா", ஆயிற்று என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் படகை அவிழ்ப்பார்கள். ஒருநாள் எங்கள் கயிற்றில் கட்டிய ஒரு இரும்பு பீரோ. படகில் கால் வைத்த அத்தான், இல்லாத தொப்பியைத் தூக்கிப் படத்துக் குண்டனைப் போலவே வணங்கினார். கூட்டம் கைதட்டியது. அந்த ஜோரில் "ஹோ கயா!" என்று கத்திவிட்டார். என் ஒரு கால் இன்னும் கரையில். படகு நகர்ந்தது. பீரோவும் நானும் கடலுக்குள்.

"நான் என்ன கோமாளியா அத்தான்?" என்று தண்ணீரிலிருந்தே கத்தினேன்.

"தப்பு என்னுதுதான் மாப்ள. ஆனா ரெண்டு பேரும் கயித்த விடல, பாத்தியா?"

அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் பீரோவை மேலே இழுத்தோம். ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் வேலை செய்யாது. மரைன் ஹில்லில் படிக்கட்டுக்கு மேல் வீடு. அதன்பின் அவர் கீழே இறங்கவே இல்லை. இந்தத் திருவிழாவுக்கு அதே படம் என்று சொன்னேன்.

"நான் வரல. தூக்கிட்டுப் போறதப் பாத்து சிரிப்பானுவ."

சிரிப்புக்காக என்னைக் கடலில் தள்ளிய மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சிரிக்கட்டும். அன்னைக்கு நான் செத்தா போனேன்?" என்று கயிற்றை எடுத்து வந்து அவரை நாற்காலியோடு கட்டினேன். அக்காள் மேலே பிடித்தாள், நான் கீழே. பாதிப் படியில், துறையில் எங்களோடு வேலை பார்த்த ஒருவன் நிமிர்ந்து பார்த்து, "அரே, மோட்டா-பத்லா!" என்று சிரித்தான். திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தானின் வலது கை உயர்ந்து, இல்லாத தொப்பியைத் தூக்கியது.

கடைசிப் படி. எனக்கு மூச்சு வாங்கியது. "ஹோ கயா?" என்றேன்.

அவர் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார். கோணிய வாயால் சொன்னார்: "இரு மாப்ள. ஒங்க அக்கா கால் ஒண்ணு இன்னும் மேலதான் இருக்கு."