நான் சொல்லாமல் விட்ட வசனம்

வேப்பெண்ணெய் மணம். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க அதுதான் மணக்கும். சனி, ஞாயிறு பின்னேரங்களில் அம்மா அதைச் சூடாக்கி அண்ணாவின் இடது உள்ளங்கையில் தேய்ப்பார். கை வீங்கிச் சிவந்திருக்கும், விரல்கள் மடங்காது. மேல்வீட்டு ஜெர்மன் கிழவி மணி அடித்து, அப்படி என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். "அண்ணாவின் கையை" என்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அண்ணாவின் பெயர் யூட். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதிகளாக இறங்கியபோது அவருக்கு ஏழு வயது, நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். பிறகு மான்ஹைமுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பேஸ்போல் மைதானம் ஒன்று இருந்தது, அதில் ஜெர்மன் பெடியன்கள் ஒரு கழகம் நடத்தினார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாவைப் பயிற்சியாளர் ரெய்னர் உள்ளே கூப்பிட்டு, ஒருவரும் விரும்பாத இடத்தில் குந்த வைத்தார். அந்த இடத்தில் இருப்பவனைக் "கெச்சர்" என்பார்கள். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து வருகிற பந்தையெல்லாம் பிடிக்க வேண்டும். முகத்துக்குக் கம்பிக்கூடு, நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் தட்டு. மட்டையில் உரசி வரும் பந்து எங்கே படும் என்று சொல்ல முடியாது. தொண்டையில் படும், கம்பிக்கூட்டில் படும். பட்டால் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி குந்த வேண்டும். அண்ணா குந்தினார்.

அப்பா அதை "விக்கெற் கீப்பர்" என்றே கடைசிவரை சொன்னார். அம்மாவின் முறைப்பாடு வேறு.

"கோயில்ல பத்து நிமிசம் முழங்காலில நிக்கச் சொன்னா நாரி நோகுதாம். அங்க போய் மூண்டு மணித்தியாலம் குந்திக்கொண்டிருக்கிறான்."

பயிற்சி இல்லாத நாட்களில் அண்ணாவுக்கு எறிந்தது நான்தான். கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடம். என்ன பந்து எறிவது என்று கெச்சர்தான் சொல்ல வேண்டும், வாயால் அல்ல, தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி. ஒரு விரல் என்றால் வேகம். இரண்டு என்றால் வளைவு. பொத்திய கை என்றால் பொறு, எறியாதே. எனக்கு வளைத்து எறியத் தெரியாது, ஆனாலும் காட்டுவார். பிறகு அந்த விரல்கள் சாப்பாட்டு மேசைக்கும் கோயிலுக்கும் வந்தன. பொத்திய கையைக் கண்டால் நான் வாயை மூடிவிடுவேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஜெர்மன் மொழி ஏறவில்லை. கடிதம், டொக்டர், கந்தோர்களில் நேரம் எடுக்கிற "ரெர்மின்" எல்லாவற்றுக்கும் பிள்ளைகள்தான் வாய். ஒருமுறை அண்ணாவின் ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பேசினார். அண்ணா அதை மொழிபெயர்த்தார்: "நல்லாப் படிக்கிறனாம்."

அப்பா ஆசிரியையைப் பார்த்தார். பிறகு அண்ணாவைப் பார்த்தார். "மனுசி இவ்வளவு நேரமும் முகத்தைச் சுழிச்சுக்கொண்டோ உன்னைப் புகழ்ந்தவ?" என்றார்.

அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. "தன்ர வழக்குக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாது." அண்ணாவின் விஷயத்தை இனி நான் சொல்ல வேண்டும், என் விஷயத்தை அண்ணா சொல்ல வேண்டும். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அப்பா நம்பினார். அதுவரை நான் சொன்னதும் இல்லை.

அண்ணாவுக்குப் பதினேழு வயது நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து மூன்று நாள் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அங்குள்ள ஒரு பெரிய குழு அவரைக் கேட்டது. சம்பளத்துக்கு ஆடுவதற்கு. பதினெட்டு ஆகவில்லை, அப்பா கையெழுத்து வைக்க வேண்டும். அப்பா மின்சார வேலை செய்கிற ஓர் இடத்தில் அண்ணாவுக்கு "அவுஸ்பில்டுங்", தொழில் பழகுகிற இடம், பார்த்து வைத்திருந்தார். இரண்டு மாதம் இருவரும் பேசவில்லை. உப்பை எடு என்பதற்கும் நான்தான் நடுவில்.

அப்பா சட்டி கழுவுகிற உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அப்படி ஒரு திங்கள் நாலு மணிக்கு, ஒரு நிமிடமும் பிந்தாமல், ரெய்னர் கடுதாசிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பற்றிஸ் பொரித்து வைத்தார். அவர் ஆறு சாப்பிட்டார். அப்பா இளகியதே அதைப் பார்த்துத்தான் என்று அம்மா பிற்காலத்தில் சொல்வார்.

அப்பா கேட்க, நான் சொல்ல, அவர் பதில் சொல்ல, ஒரு மணித்தியாலம் போனது. எங்கே படுப்பான், யார் சமைப்பது, திரும்பி வந்தால் விசா பிரச்சினை வருமா. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அப்பா பேனையை எடுத்தார்.

ரெய்னர் கடுதாசியின் மேல் கையை வைத்து மறித்தார். என்னைப் பார்த்தார். "இதை அப்படியே சொல், ஒன்றையும் விடாதே" என்றார். இந்த வருடம் யூடுக்குத் தலையில் இரண்டு தரம் பலமாக அடி பட்டது, இரண்டு தரமும் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை, மூன்றாம் தரம் பட்டால் அந்த இடத்தில் ஆடவே கூடாது என்கிறார் டொக்டர், அங்கேயோ கிழமைக்கு ஆறு நாள் ஆட்டம், தகப்பன் இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைக்க வேண்டும். இவ்வளவும் சொன்னார்.

வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. ஒருமுறை வெயில் என்றும் ஒருமுறை சைக்கிளால் விழுந்தேன் என்றும் அண்ணா சொல்லியிருந்தார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதற்குத் தமிழும் என்னிடம் இருந்தது. சொல் தெரியாமல் விட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

அண்ணாவின் கையைப் பார்த்தேன். முழங்காலில் விரித்தபடி கிடந்தது. ஒரு விரலும் அசையவில்லை, கை பொத்தவும் இல்லை. பொத்தியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"அங்க கிழமைக்கு ஆறு நாள் ஆட்டமாம். நல்லாச் சாப்பிட்டு உடம்பைப் பாக்கட்டாம்."

"ஆறு நாளோ? அப்ப பூசைக்கு ஒரு நாள் கிடக்கு" என்றார் அப்பா. கையெழுத்து வைத்தார். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக.

எல்லாம் சொன்னாயா என்று ரெய்னர் கேட்டார். ஓம் என்றேன். அண்ணா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அந்த அறையில் நாங்கள் இருவர்தான்.

ஏன் செய்தாய் என்று கேட்டால், அவர் வேலிக்கு வெளியே நின்ற காலம் எனக்குத் தெரியும். மறுபடி அங்கே நிற்பதைப் பார்க்க எனக்கு ஏலாது என்று நினைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அவர் போனால் அந்தச் சின்ன அறை எனக்குக் கிடைக்கும். அதையும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடம் ஆடினார். கீழ் அணிகள். ஊர் ஊராகப் பஸ் ஓட்டம், வெயில், மலிவான விடுதி. மேல் அணிக்கு ஒரு நாளும் கூப்பிடவில்லை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பத்திரிகை ஒருமுறை அவருடைய படத்தைப் போட்டது. அப்பா அதை வெட்டி, சட்டி கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒட்டினார். நீராவியில் மை கரைந்தது. இன்னொரு பத்திரிகை வாங்கி ஒட்டினார்.

தொலைபேசியில் நான் கேட்பேன். "அண்ணா, அடி படுறதோ?"

"விசரி, அடி படாமல் என்ன கெச்சர்?"

ஐந்தாம் வருடம் ஒரு பகிடி சொன்னார். கம்பிக்கூட்டில் பந்து பட்ட அன்று, ஆட்டம் முடிந்து மற்ற அணியின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். "அவங்களும் நல்ல பெடியங்கள், சாப்பாடு தந்தவங்கள்" என்றார். நானும் சிரித்தேன்.

முழங்கால் இரண்டும் போன பிறகு திரும்பி வந்தார். பார்சல் பிரிக்கிற மண்டபத்தில் வேலை. முதலில் தலையிடி, பிறகு வெளிச்சம் பிடிக்கவில்லை, பிறகு ஒரே பார்சலை இரண்டு தரம் தேடினார். நாற்பது தாண்ட வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடியால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அதை அப்பாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். சரியாகச் சொன்னேன்.

அப்பா நம்பவில்லை. "நானெல்லோ கையெழுத்து வைச்சனான்" என்பார். சாப்பிடும்போது சொல்வார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சொன்னார்.

"என்ர கையாலதானே பிள்ளை."

அப்போது சொல்லியிருக்கலாம். நான் தலையணையைச் சரிசெய்தேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா அதற்கு முதலே போய்விட்டார்.

அந்த மைதானத்தில் இப்போது வரிசையாக வீடுகள். ரெய்னர் எங்கே போனார் என்று தெரியாது. குப்பைத் தொட்டிகள் நின்ற இடத்தில் கார் விடுகிறார்கள். அண்ணா என்னோடு இருக்கிறார், பின் அறையில், யன்னல் மறைப்பைப் பாதி இறக்கிவிட்டு. நான் ஒரு விடுதியில் துணி தோய்க்கிறேன். காலையில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். சில நாள் தெளிவாக இருப்பார், சில நாள் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து பக்கத்தில் இருந்தேன். தெளிவாக இருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் விட்டதை அறிந்த ஒரே ஆள் அவர். ஒருநாளும் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

"அண்ணா, ரெய்னர் கடுதாசியோட வீட்டை வந்தது ஞாபகம் இருக்கோ?"

"எந்த ரெய்னர்?"

முதலிலிருந்து சொன்னேன். ரெய்னர் என்ன சொன்னார், அப்பாவிடம் நான் என்ன சொன்னேன், எதை விட்டேன். நடுவில் நிறுத்தவில்லை. அவர் கவனமாகக் கேட்டார். யாரோ ஒரு பெடியனின் கதையைக் கேட்பதுபோல.

"பாவம்" என்றார். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமோ?" என்றார்.

"இல்லை அண்ணா. அப்பாவுக்குச் சொல்லேல்லை."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அப்ப அவர் வேலையால வந்தவுடன சொல்லிப்போடு. பயப்பிடாத. நான் பக்கத்தில இருக்கிறன்."

"ஓம் அண்ணா" என்றேன்.