மாத்திரைக்கும் அவளைத்தான் பிடிக்கும்

தையல் கம்பெனியில் இவளும் கொழுந்தன் மனைவியான ஓரகத்தியும் அடுத்தடுத்த மெஷினில் உட்காருவார்கள். இருவருக்கும் நீர்க்கடுப்பு வந்தது. டாக்டர் ஒரே மாத்திரைதான் கொடுத்தார். சின்னவளுக்குச் சரியாகிவிட்டது, இவளுக்குக் கேட்கவில்லை. ஒண்ணுக்குப் போனால் எரியுமே என்ற பயமில்லாமல் ஓரகத்தி மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு வயிறெரிந்தது.

"மாத்திரைக்குக்கூட உன்னைத்தான்டி பிடிக்குது. மிச்சமிருந்தா குடு."

"மிச்சம் ஏதுக்கா? கடைசிவரைக்கும் முழுங்கிட்டேன்."

இவளோ வருஷக்கணக்காக, கடுப்பு வந்தால் இரண்டு போட்டுவிட்டு மீதியை அடுத்த தடவைக்கு எடுத்துவைப்பவள்.

சிறுநீர் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "அரைகுறையா போட்டுப் போட்டு, உங்க கிருமி அந்த மாத்திரைக்குப் பழகிடுச்சும்மா. வேற எழுதுறேன், முழுசா முடிங்க" என்றார்.

புது அட்டையின் கடைசி மாத்திரையை ஓரகத்தி பார்க்கும்படி வாயில் போட்டாள். பிறகு அவளுடைய தண்ணீர் பாட்டிலையே எடுத்து, சொட்டு விடாமல் குடித்தாள்.