கூடத்துச் சுவரில் மலை

மாமா கள்ளக்குறிச்சியில் புது வீடு கட்டியபோது, கூடத்துச் சுவரில் கல்வராயன் மலையை வரையும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். எனக்குப் பதினோரு வயது; அம்மாவோடு அவர் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தேன். பள்ளியில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கிய மருமகள் என்று அவருக்குப் பெருமை. மலையில் மரம் வெட்டும் குத்தகை அவருடையது. நேரில் பார்த்துவிட்டு வரையட்டும் என்று லாரியில் கரியாலூருக்கு மேலே கூட்டிப் போனார்.

பார்த்ததைத்தான் வரைந்தேன். சரிவு முழுக்க அடிக்கட்டைகள். செம்மண்ணில் லாரிச் சக்கரங்களின் தடம். வெட்டாமல் விட்ட ஒரேயொரு கடுக்காய் மரம்.

மாமா வந்து பார்த்தார். “இன்னாடி இது, மொட்டையா கீது? வர்றவங்க சிரிக்க மாட்டாங்க? பச்சையா நாலு மரம் போடு.”

“நீங்க காட்டுன எடத்துல மரமே இல்லியே மாமா.”

“போடுன்னா போடு!”

அவர் அந்தப் பக்கம் போனதும் பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். அம்மா காதைத் திருகினாள். நான் அழவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். மரம் ஏற்றி வந்த மாமாவின் லாரியே மரத்தைத் தாண்ட முடியாமல் வழியில் நின்றது. வேறு பெயிண்ட் வாங்கக் கடைகளும் திறக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடிக்கச் சின்னசேலத்திலிருந்து வரவேண்டிய ஆளும் வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல் மாமா ஒரு வேட்டியை ஆணியடித்து மலையை மறைத்தார்.

கிரகப்பிரவேசத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் நடந்து வந்தார்கள். கூடம் நிறைந்தது. பால் காய்ச்சிக்கொண்டிருந்த அத்தை, மாமா எதிரில் குரல் உயர்த்தியே அறியாதவள், எழுந்து வந்து வேட்டியை ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டாள்.

“இன்னாத்துக்கு அவுத்த?” என்றார் மாமா.

“இந்த வூடு எதுல கட்னதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

மாமாவின் முகம் கறுத்துப்போனது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அத்தை சுவரை விட்டு நகரவில்லை. நானும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சாலை திறந்ததும் சங்கராபுரம் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஜெயித்துவிட்டோம் என்று வழியெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பஸ் ஏறிவிட்டோம், அத்தை அந்த வீட்டிலேயேதான் இருந்தாக வேண்டும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.