ஒரு நுள்ளு முடி கேட்ட ரோஸ்லெட் அக்கா

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் உறை மாட்டியிருந்தேன். கருங்கல் ஊரில் நான் நடத்தும் பியூட்டி பார்லரில் ஒரு டீச்சரின் தலைக்குக் கலர் பூசிக்கொண்டிருந்தேன். பாதித் தலை முடிந்திருந்தது. என்னிடம் வேலைக்கு நிற்கும் பெண் போனை எடுத்து என் காதில் வைத்தாள். மார்த்தாண்டத்திலிருந்து ஜெஸ்ஸி, ரோஸ்லெட் அக்காவின் தங்கை. "அக்கா போயிட்டா, ஷீபா. காலத்த காப்பி குடிச்சிட்டு இருந்தா. அப்பிடியே சாஞ்சிட்டா" என்றாள். நான் மீதித் தலையையும் பூசி முடித்தேன். பூசிய கலரை முப்பத்தைந்து நிமிடம் விட வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரின் தலையைக் கழுவித் துடைத்து அனுப்பிய பிறகுதான் அழ முடிந்தது. ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தேன் என்று தெரிந்தால், அக்கா பெட்டிக்குள் படுத்திருந்தாலும் எழுந்து வந்து ஏசுவார்.

குமரி மாவட்டத்தின் மேற்கே பார்லர் வைத்திருக்கும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோஸ்லெட் அக்கா மஸ்கட்டில் ஒரு சலூனில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். திரும்பி வந்து மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கடை போட்டார். சலூன்களுக்கென்றே கம்பெனிகள் தயாரிக்கிற கலர், பிளீச், முடியை நேராக்கும் க்ரீம் எல்லாம் அங்கே கிடைக்கும். பலசரக்குக் கடையில் தொங்கும் பாக்கெட்டுகளைவிட இவை பல மடங்கு வீரியமானவை. மாடிப்படி ஏறியதும் ஒரு தகரப் பலகை இருக்கும்: 'பார்லர்காரர்களுக்கு மட்டும். பொதுமக்களுக்கு விற்பனை இல்லை.'

பார்லர்காரர்களுக்கும் அவர் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். பிளீச் கேட்டால் முடி கேட்பார். யாருக்குப் போடப் போகிறோமோ அவளுடைய காதுக்குப் பின்னாலிருந்து ஒரு நுள்ளு முடி வெட்டி, காகிதத்தில் மடித்து, பேர் எழுதிக் கொண்டுபோக வேண்டும். அவர் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, பிளீச் பவுடரையும் அதனுடன் கலக்கும் திரவத்தையும் சேர்த்து ஊற்றிவிட்டு, டம்ளரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மலிவான கறுப்பு மருதாணிப் பவுடரில் உலோக உப்பு கலந்திருக்கும். அது படிந்த முடியில் பிளீச் பட்டால் கொதிக்கும். டம்ளர் சூடானால் அந்தத் தலைக்குப் பொருள் கிடையாது. பார்லர் நடத்தும் நமக்கே இவ்வளவு கெடுபிடியா என்று நாம் எல்லோரும் முணுமுணுத்திருக்கிறோம்.

எனக்கு அந்த முணுமுணுப்பு ஒரே நாளில் அடங்கியது. என் வாடிக்கையாளர் ஒருத்தி, வீட்டில் அரைத்த மருதாணி தவிர வேறெதுவும் தலையில் வைத்ததில்லை என்று அடித்துச் சொன்னாள். நம்பினேன். அக்காவின் டம்ளரில் அவளுடைய முடி ஐந்து நிமிடத்தில் கூழாகிவிட்டது. அக்கா டம்ளரை என் கையில் திணித்தார். சுட்டது. உதறப் போனேன். விடவில்லை.

"பிடிச்சிட்டு நில்லுட்டி. இது அவளுக்க மண்டையில இருக்க வேண்டிய சூடு" என்றார்.

இன்னொரு நாள் நான் கடையில் இருந்தபோது ஒரு தலைமையாசிரியரின் மனைவி வந்தார். காரைக் கீழே நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க மாடி ஏறி வந்த கோபம் வேறு. பலகையைப் பார்த்தும் பார்க்காதது போல டப்பாவின் பேரைச் சொல்லிக் கேட்டார். அக்கா தர முடியாது என்றார். "டப்பாவுல எழுதியிருக்கத வாசிக்க எனக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மா.

"வாசிக்கத் தெரிஞ்சவியளக் கண்டுதான் எனக்குப் பேடியும் பயமும். டப்பாவ யாரு வேணும்னாலும் தொறக்கலாம். அதுக்குப் பெறவு நடக்கியதப் பாக்க ஆளு வேண்டாமா? நீங்க இருங்க, சாயா குடியுங்க" என்று அக்கா சொன்னார். சாயா வாங்கிக் கொடுத்து, பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு பார்லருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். விற்பதற்குக் கடை வைத்துவிட்டு விற்க மாட்டேன் என்று மல்லுக்கட்டும் ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு காலம் மாறியது. போனில் விரலை வைத்தால் அதே டப்பா வீட்டு வாசலில் வந்து இறங்கியது. வாங்குகிறவள் யார், எந்தத் தலைக்கு என்று கேட்க ஒரு நாதி கிடையாது. நம்மில் பலரும் அப்படி வாங்கத் தொடங்கினோம். நானும் வாங்கினேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மேம்பாலத்துப் படியில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் மதியம் போனபோது அக்கா மட்டும் தனியாக உட்கார்ந்து, தூசி படிந்த டப்பாக்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையைக் கழற்றும்படி அவரிடம் சொன்னது நான்தான். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

"அக்கா, நீங்க குடுக்கல்லேன்னா அவிய போன்ல வாங்கப் போறாவ. கேக்க ஆளில்லாம வாங்குகதுக்கு, நீங்க முடியப் பாத்துட்டுக் குடுக்கது நல்லதில்லியா?" என்றேன்.

அந்த வாதத்தில் இன்றுவரை எனக்குத் தப்பு தெரியவில்லை. அதுதான் கொடுமை. அக்கா இரண்டு வாரம் யோசித்தார். பிறகு ஸ்டூலில் ஏறி அவரே பலகையைக் கழற்றினார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: யாராக இருந்தாலும் ஒரு நுள்ளு முடி கொண்டுவர வேண்டும்.

நம்மூரில் தலைமுடியை அந்நியர் கையில் யார் கொடுப்பார்கள்? சீப்பில் வந்ததைக்கூடச் சுருட்டி, துப்பிவிட்டு எறிகிறவர்கள் நாம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பங்களிலும் செய்வினைப் பயம் போவதில்லை. "எனக்க முடி ஒங்களுக்கு எதுக்கு? மந்திரவாதமா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள். "பேடிக்கிய ஆளு போவட்டு" என்றார் அக்கா. நானும் சேர்ந்து சிரித்தேன். பயந்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். பயந்தவர்களில் ஒருத்தி போகாமல் வேறு என்ன செய்யக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் வந்தார். ஊரும் பேரும் வேண்டாம். மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண் போனில் வீடியோக்களைப் பார்த்து, தலையைப் பழுப்பு நிறமாக்கத் தானே போட்டுக்கொள்வேன் என்று நின்றிருக்கிறாள். தாய் காகிதத்தில் முடி மடித்துக் கொண்டுவந்தார். அக்கா பார்த்தார். டம்ளர் குளிர்ந்தே இருந்தது. ஒன்றுக்கு மூன்று தடவை விளக்கிச் சொல்லிப் பொருளைக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் தலையில் புகை வந்தது. வலது பக்கம் காதுக்கு மேலே முடி மொத்தமும் கையோடு வந்துவிட்டது. தோல் கொப்புளித்துப் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

தகப்பன் கடைக்கு வந்து கத்தியதை யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "நான் பாத்துட்டுதான் குடுத்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்வார். மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தத் தாயைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கொண்டுவந்தது பிள்ளைக்க முடிதானா?" என்று கேட்டார். தாய் கும்பிட்டுக்கொண்டு, "கர்த்தர் அறியச் சொல்லுகேன், பிள்ளைக்க முடிதான்" என்றார். அக்கா கடைக்குத் திரும்பி, காகிதத்தில் மிஞ்சியிருந்த முடியை மூன்று தடவை மறுபடி சோதித்தார். மூன்று தடவையும் டம்ளர் சூடாகவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழிந்து அந்தத் தாயும் மகளும் என் பார்லருக்கு வந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். மணப்பெண் அலங்காரம் நான் செய்வதாக முன்பே பேசியிருந்தது. தலைக்கு விக் பொருத்திப் பார்க்க வேண்டும். முக்காட்டை எடுத்தேன். ஆறிய தோலில் புது முடி முளைத்திருந்தது. அத்தனையும் வெள்ளை. பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகளை உள்ளே உட்கார வைத்துவிட்டுத் தாயை வெளியே கூப்பிட்டேன்.

"எத்தன வருஷமா கறுப்பு மருதாணி போடுதா?"

"பத்தாம் கிளாஸ் படிக்கும்போ இருந்து" என்றார். பிறகு அவராகவே சொல்லிவிட்டார். "கல்யாணம் பேசி வெச்சிருக்க பிள்ளைக்க முடிய எப்பிடிக் கொண்டு வேற ஆளுக்க கையில குடுப்பேன்? யாராவது என்னமும் செய்து வெச்சா? அதுகொண்டு எளையவளுக்க முடிய வெட்டிக் கொண்டுபோனேன். ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளையதானே, ஒருபோலதானே இருக்கும்னு நெனச்சேன். நரைக்க காரியம் மாப்பிள வீட்டுல தெரிஞ்சா இது நிண்ணு போவும், மக்கா. நீ யாருட்டயும் பறையப்பிடாது."

அந்த அம்மா என் காலைத் தொடக் குனிந்தார். கல்யாணம் முடியும்வரை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அக்காவின் கடைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது, அல்லது போனதும் சொல்லியிருக்க வேண்டும். டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஷீபா, எனக்க கை தப்பிப்போச்சா? நேராச் சொல்லு. இவ்வளவு வருஷமும் நான் பாத்தது ஒண்ணும் சரியில்லியா?"

நான் சொன்ன பதிலை எழுதக் கூசுகிறது. "இதெல்லாம் சகஜந்தானே அக்கா, விடுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். தப்பிவிட்டது என்று நானே சொன்னதாகத்தான் அவர் அதை எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. நான்தான் அலங்காரம் செய்தேன். பெண் கணவனோடு வெளிநாடு போய்விட்டாள். என் வாக்கும் அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. சொன்னால், கேட்ட அன்று தெரிந்தே மறைத்தவள் நான் என்று ஆகுமே. ஒரு வாரம் தள்ளினேன். கிறிஸ்மஸ் போகட்டும் என்றேன். கிறிஸ்மஸ் முடிந்தால் சபையில் அசன விருந்து. ஒவ்வொன்றாகச் சாக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அந்த மாதங்களில் அக்கா முடி கேட்பதை நிறுத்திவிட்டார். பார்லர்காரர்களிடமும் கேட்கவில்லை. கலர் பற்றிச் சந்தேகம் கேட்டவளிடம், "எனக்கென்ன தெரியும்? டப்பாவுல எழுதியிருக்கான், வாசிச்சுக்கோ" என்றாராம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீருடையோடு வந்து பிளீச் வாங்கிப் போயிருக்கிறார்கள். யார் கேட்டாலும் எடுத்துக் கொடு என்று விற்பனைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அவர் பின்னறையில் உட்கார்ந்திருப்பார். கடை நன்றாக ஓடியது. முன்னெப்போதையும்விட நன்றாக ஓடியது என்று ஜெஸ்ஸி சொன்னாள். செத்துப்போன செய்தி இப்போதுதான் வந்தது. நமக்குத் தெரிந்த ரோஸ்லெட் அக்கா அதற்கு முன்பே போய்விட்டார்.

அடக்கத்தன்று எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொண்டார்கள். "ஒரு பிள்ளைக்க தலையக் கருக்கினாளே, அந்த அக்காதானே?" நான் திரும்பவில்லை. போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தத் தாய்க்குப் போன் செய்து, எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். அக்காவைத் தெரிந்த எல்லோரும் தயவுசெய்து கேளுங்கள்: அவர் கை தப்பவில்லை. கொண்டுவந்து கொடுத்த முடிக்கு அவர் சொன்ன பதில் நூற்றுக்கு நூறு சரி.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்விதான். ஐந்து மாதமும் அதன் பதில் என்னிடம் இருந்தது. கருங்கலிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்.