வெள்ளைக் காரில் விழுந்த புள்ளிகள்

ஓட்டுநர் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எந்நேரமும் பாதத்தை வைத்திருப்பாள். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதுகூட வலது கால் எதையோ தேடி மிதிக்கும். டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால் வீட்டுச் சோபா பின்னால் நகரும். "உக்காந்த இடத்துலயே ஊரைச் சுத்திட்டு வர்ற ஆள் இவ ஒருத்திதான்" என்பார் கணவர்.

பள்ளி வேறொருவருடையது என்றாலும் வெள்ளைக் கார் அவளுடையது. அதன் மேல் கீறல்களுக்குக் குறைவே இல்லை. அவற்றைப் பற்றி அவள் அலட்டிக்கொண்டதும் இல்லை. எந்தக் கீறல் யார் போட்டது, எந்தத் தூணில் போட்டது என்று அத்தனையும் அவளுக்குத் தெரியும். அந்தப் புள்ளிகளுக்குத்தான் காரணம் தெரியவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் காரைத் துடைக்கும்போதுதான் கவனித்தாள். பானெட்டில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். சேறு என்று நினைத்துத் தண்ணீர் அடித்தாள். போகவில்லை. சோப்பு நுரை போட்டுத் தேய்த்தாள். கார் பளபளத்தது, கூடவே புள்ளிகளும் பளபளத்தன. விரலால் தடவினால் உப்புக்காகிதம் போலச் சொரசொரத்தது. கூரையிலும் இடது பக்கக் கதவுகளிலும் இருந்தன. வலது பக்கம் அவ்வளவாக இல்லை.

"மரத்துப் பால் ஏதாவது சொட்டியிருக்கும்" என்றார் கணவர், வாசலை விட்டு இறங்காமலே.

"நம்ம வீட்டுப் பக்கம் மரம் ஏதுங்க?"

"அப்ப பறவை."

"பறவை இவ்வளவு பொடிப்பொடியாவா போகும்?"

அவர் உள்ளே போய்விட்டார்.

அவர் ஒரு பட்டறையில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்துகொண்டிருந்தவர். கிரைண்டரில் இரும்பு வெட்டும்போது ஒரு துகள் பறந்து வலது கண்ணில் குத்தியது. ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிவதோடு சரி. "இன்னொரு கண்ணுக்கு ஸ்பேர் கிடையாது. இனிமே கிரைண்டரைக் கையால தொடாதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டோடு இருந்தார். சமைத்தார், துணி மடித்தார். ஒவ்வொரு கதவுக்கும் எண்ணெய் போட்டுப் போட்டு, அந்த வீட்டில் யார் வந்தாலும் போனாலும் சத்தமே கேட்காது.

புள்ளிகள் நாளுக்கு நாள் கூடின. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடம் எடுக்கும்போது, தெருவோரம் நிற்கும் வெள்ளைக் கார் ஒவ்வொன்றையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டுகிறவர் குழம்பிப்போய், "அக்கா, நிறுத்தணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். போங்க, மெதுவாப் போங்க."

"எங்க மாமா வண்டியில இப்படித்தான் உள்ளேர்ந்து துருப்பிடிச்சு வெளியில வந்துச்சு. அப்புறம் கதவே கையோட வந்துருச்சு" என்றார் இன்னொருவர், ஆறுதல் சொல்கிற குரலில். அன்று மாலை அவள் நான்கு கதவுகளையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு டெய்லர் சுற்றுச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். விடுவிடுவென்று அவரிடம் போனாள். "அண்ணே, நீங்க அடிக்கிற பெயிண்ட் எங்க கார் மேல தெறிச்சிருக்கு. பாத்து அடிக்கக் கூடாதா?"

டெய்லர் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாக அவர்கள் வீட்டைப் பார்த்தார். "தப்புதாம்மா. இனிமே பாத்து அடிக்கிறேன்" என்றார்.

அவள் திரும்பிப் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. சுவரில் இருந்தது பச்சை. காரில் இருந்தது பழுப்பு. செய்யாத தப்பை அந்த மனிதர் எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்? புள்ளிகளை விட அது அவளை அதிகமாகக் குடைந்தது.

கடைசியில் காருக்குப் பாலிஷ் போடும் கடைக்குப் போனாள். பாலிஷ்காரர் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினார். "வெறும் கையை விட இப்படித் தடவினா நல்லாத் தெரியும்" என்றவர், அப்படியே ஜன்னல் கண்ணாடியையும் தடவினார். "பாருங்க, கண்ணாடியிலயும் இருக்கு. அப்ப இது உள்ளேர்ந்து வர்றது இல்ல. வெளியிலேர்ந்து வந்து ஒட்டினது."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அடுத்து அவர் ஒரு புட்டியிலிருந்து நிறமில்லாத திரவத்தைப் பானெட்டில் பீய்ச்சினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு புள்ளியும் ஊதா நிறத்தில் கசிந்து, வெள்ளைப் பெயிண்டின் மேல் கோடு கோடாக வழிய ஆரம்பித்தது.

"இரும்பு" என்றார் பாலிஷ்காரர். "இரும்பு பட்டாத்தான் இந்த நிறம் வரும். பொடித்தூள் சூடாப் பறந்து வந்து பெயிண்ட்ல குத்தி உக்காந்திருக்கு. மழை பட்டதும் துருப்பிடிக்குது. வண்டி நிக்கிற இடத்துல ரயில் பாதை இருக்கா? இல்ல, யாராவது கிரைண்டர் போடுறாங்களா?"

அவள் வலது கால் சிமெண்ட் தரையை அழுத்தியது. "இல்லையே" என்றாள்.

"எதுக்கும் பாருங்க. நான் எத்தனை தடவை எடுத்தாலும், வர்ற இடத்தை நிறுத்தலேன்னா திரும்ப வரும்."

மருந்துப் புட்டியையும், பிசைந்து தேய்க்கிற களிமண் போன்ற ஒரு கட்டியையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். காரை எப்போதும் போல வீட்டோரச் சந்தில் நிறுத்தினாள். மதியத்தில் சாலை விதிகள் வகுப்பு. அதற்குப் பள்ளிவரை நடந்துதான் போவாள், மாலையில்தான் திரும்புவாள். கார் சந்தில் நிற்க, கணவர் மட்டும் வீட்டில் இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

வகுப்பில் முக்கோணப் பலகைக்கும் வட்டப் பலகைக்கும் வித்தியாசம் சொல்ல ஆரம்பித்தவள் நடுவில் நின்றுவிட்டாள். "படத்தையெல்லாம் பாத்துட்டு இருங்க, வந்துடறேன்" என்று வெளியே வந்தாள். முதலில் நடந்தாள். தெரு திரும்பியதும் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பை அறுக்கும் கீச்சென்ற சத்தம். ஓடினாள்.

சந்துக்குள் கணவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டெய்லர் வீட்டு கேட். டெய்லரே அதைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக்கி மூடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். கிரைண்டரிலிருந்து தீப்பொறி விசிறியடித்து நேரே காரின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

கூப்பிட அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் ஸ்டியரிங்கில் கை வைத்திருக்கிறவரைத் திடீரென்று கத்திப் பதற வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் போடாத பின்கதவு வழியாக உள்ளே போய், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சக்கரம் முனகிக்கொண்டே நின்றது.

"கரண்ட் போச்சா?" என்று நிமிர்ந்தவர், கையில் பிளக்கோடு வெளியே வந்து நின்றவளைப் பார்த்தார்.

"நான்தாம்மா கேட்டேன். என் தப்புதான்" என்றார் டெய்லர்.

"பெயிண்ட் தப்பும் உங்களுது, இதுவும் உங்களுதா? எத்தனையைத்தான் ஒரே ஆள் சுமப்பீங்க அண்ணே?"

டெய்லர் கேட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்ல நழுவினார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுதான் செய்யறேன்" என்றார் கணவர்.

"அது பேப்பர் படிக்கிற கண்ணாடி."

அவர் கையைப் பிடித்துக் கார்க் கதவின் மேல் வைத்துத் தடவ விட்டாள். "எவ்வளவு தூரம் பறந்து வந்து பெயிண்ட்ல குத்தியிருக்கு பாருங்க. உங்க முகம் இதை விடப் பக்கத்துலதானே இருக்கு?"

அவர் விரல்கள் அங்கேயே நின்றன. "சும்மா உக்கார முடியலம்மா. எண்ணெய் போடறதுக்கு இனிமே கதவும் இல்ல" என்றார்.

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தாள். ஒரு நிமிடம் காலை ஆட்டாமல் உட்காரத் தெரியாதவள் இதற்கு என்ன சொல்வாள்? அவர் சட்டையிலிருந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டு, பாதியில் விட்ட வகுப்புக்குப் போனாள்.

அதன் பிறகு தினமும் காலையில் இருவருமாகக் காரைச் சுத்தம் செய்தார்கள். அவள் மருந்து பீய்ச்சினாள். அது காய்வதற்குள் அவர் தண்ணீர் விட்டுக் கழுவினார். மிச்சத்தைக் கட்டியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்தார்கள். அவள் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அவர் விரலுக்கு அகப்பட்டது. சில இடங்களில் புள்ளி போயும் அதன் குழி போகவில்லை.

இரவல் வாங்கியிருந்த கிரைண்டரை அவரே டெய்லரிடம் கொடுத்து, பழைய பட்டறையில் சேர்க்கச் சொன்னார். அளவெடுக்கவும் தரையில் சாக்பீஸால் மாதிரி வரைந்து கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று பட்டறை முதலாளி கூப்பிட்டார். வெட்டும் இடத்துக்கும் அவர் உட்காரும் இடத்துக்கும் நடுவில் தகரத் தடுப்பு இருக்கிறதா என்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இருந்தது. மறு வாரமும் போய்ப் பார்த்தாள்.

மாலையில் அவர் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, நல்ல கண்ணின் இமையைத் தூக்கிப் பார்ப்பாள்.

"என்னம்மா தேடற?"

"ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்."

"இருந்தா நான் சொல்ல மாட்டேனா?"

"மாட்டீங்க" என்றாள். "மேல பாருங்க. இப்பக் கீழ."