வேன் வேண்டாம் என்றேன்

என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் கழித்துக் குவைத்திலிருந்து வருகிறார் என்றதும் வீட்டில் முதலில் கிளம்பிய பேச்சு வண்டியைப் பற்றித்தான். மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து மரக்காணத்துக்கு அவரை எதில் கூட்டி வருவது?

எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் வந்தால் சொந்தமெல்லாம் வேன் ஏறிப் போகும். அதுதான் மரியாதை. அவர் போன அன்றைக்கும் அப்படித்தான் போனோம். அவர் முன்னால், டிரைவர் பக்கத்தில். நான் கடைசி சீட்டில், வாந்தி எடுக்கிற பிள்ளைகளோடு. வழி முழுக்க அவர் பிடரியைத்தான் பார்த்தேன். ஏர்போர்ட்டில் ஆளாளுக்குக் கட்டிப் பிடித்தார்கள். என் முறை வருவதற்குள் உள்ளே போய்விட்டார்.

இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வீட்டில் சொல்ல முடியுமா? காசைப் பேசினேன்.

மழைக்காலம். உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர். வேலை கிடையாது. ரேட் விசாரிக்க நேரம் இருந்தது. வேன் ஆறாயிரம். கார் நாலாயிரம், டோல் தனி. பஸ் என்றால் ஆளுக்கு நூற்றுச் சொச்சம்.

அவருடைய அண்ணன், என் மூத்தார், வேன்தான் என்றார்.

"பதினாலு பேர் போலாம்மா. தலைக்குப் போட்டுப் பாரு, நானூத்திச் சொச்சம்தான் வருது."

"தலைக்கு யாரு மாமா குடுக்கறாங்க? வர்றவருதானே குடுக்கணும்?"

நாத்தனார் சிரித்தாள். "அண்ணி இன்னா கணக்குப் பாக்குது பாரு! புருஷன் வந்து எறங்கறதுக்குள்ள அண்ணன் பாக்கெட்டுக்குப் பூட்டு போட்டுடுச்சு."

"நான் பஸ்ஸுல போயி பஸ்ஸுலயே கூட்டியாந்துடறேன்."

"பொட்டிய எவன் தூக்குவான்?" என்றார் மூத்தார்.

"நான்தான்."

உப்புக் கூடை சுமக்கிற தலை. மூத்தார் உடனே குவைத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வீட்டுக்காரர் எல்லாத்தையும் கேட்டார்.

"பஸ்ஸே போதும்ணே."

"ஜோடி சேந்திருக்குது பாரு, கஞ்சத்துக்குக் கஞ்சம்," என்று மூத்தார் போனை வைத்தார்.

விடிய முதல் பஸ் ஏறினேன். அவர் வெளியே வந்தபோது நல்ல வெயில். இளைத்திருந்தார். தள்ளுவண்டியில் ஒரு சூட்கேஸ், கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்று.

"வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன்," என்றேன்.

வந்தது அவர். கேட்டதும் அவரே.

பிறகு அவர் ரேட் கேட்க ஆரம்பித்தார். டாக்சி கவுன்டரில் மரக்காணத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். போனில் வரும் கார் அதைவிடக் கொஞ்சம் கம்மி. வெளியே நின்ற ஆட்டோக்காரர், ஈசிஆர் பஸ் பிடிக்கத் திருவான்மியூரில் விட ஐந்நூறு என்றார்.

"போறதில்லன்னு ஆயிடுச்சு. அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

"கேக்கறதுக்குக் காசா?"

கடைசியில் கோயம்பேட்டுக்கு மெட்ரோ ரயில். ஆளுக்கு ரெண்டு டீ, ரெண்டு வடை காசு. நடுவில் ஆலந்தூரில் ரயில் மாறணும். லிஃப்ட் முன்னால் பெரிய கூட்டம். துண்டைச் சுற்றிச் சும்மாடு வைத்துப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியில் நடந்தேன். சூட்கேஸோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

"எறக்குமே! எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கூடையை விட லேசுதான். உள்ள இன்னா இருக்குது?"

"உனக்கு மிக்சி."

"இங்க விக்கலையா அது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கோயம்பேட்டில் ஈசிஆர் பஸ். ரெண்டு பேர் சீட். ஜன்னல் பக்கம் எனக்கு. டிக்கெட் அவர் எடுத்தார். வண்டி ஊரைத் தாண்டியதும் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"மழ வந்து வேல நின்னும் வெடிப்பு போவலையா?"

"போவும். அதுக்குள்ள தை வந்துடும்."

ரெண்டு வருஷமாகச் சொல்லணும் என்று நிறைய வைத்திருந்தேன். மாமல்லபுரம் வருவதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. தோள் மரத்துப்போனது. அப்படியே இருந்தேன். அவர் முடியில் வேறு ஏதோ சோப்பு வாசனை.

உப்பளம் வந்தது. கண்டக்டர் மரக்காணம் என்று குரல் கொடுத்தார். அதற்கு விழித்துக்கொண்டார். நான் எழுந்தேன். கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு."

"நம்ம ஊருங்க!"

"கீழ்புத்துப்பட்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். கோயிலுக்குப் போயிட்டு வரலாம்."

"வேண்டுதலா?"

"இல்ல." வெளியே பார்த்தார். "வூட்டுக்குப் போனா சுத்தி உக்காந்துக்குவாங்க. அப்புறம் உன்ன எங்க பாக்கறது?"

நான் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. அப்போது மூத்தார் போன்.

"எங்கடா இருக்கீங்க? கொழம்பு ஆறுது!"

"பஸ்ஸு லேட்டுண்ணே," என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

அய்யனாரைக் கும்பிட்டோம். வெளியே மரத்தடியில் பெட்டி மேலேயே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். அப்போதும் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. அடுத்த பஸ் வந்தது, விட்டுவிட்டோம். அதற்கடுத்ததில் ஏறித் திரும்பி வந்தோம்.

வீட்டில் அவர் சொன்னது சரியாகப் போனது. அவரைச் சுற்றி ஒரு கூட்டம். சாப்பிட்டு முடித்ததும் மூத்தார் ஆரம்பித்தார். "மொத்தம் எவ்ளோடா ஆச்சு?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். என் காலை பஸ், மெட்ரோ ரயில், கோயம்பேட்டு பஸ்.

"அஞ்சாயிரத்துக்கு மேல மிச்சம்," என்று மூத்தாரே ஒத்துக்கொண்டார். "உன் பொண்டாட்டி சொன்னது நெசம்தான்."

புத்துப்பட்டுச் செலவை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மிக்சியை எடுக்க உள்ளே போய்விட்டேன்.